ஹாலிலிருந்து தெரிந்த சிவப்பு

விற்க வேண்டிய பங்கை நர்மதா இன்னொரு முறை வாங்கித் தொலைத்த அன்றுதான் அந்த வீட்டில் மானிட்டர் பேச்சு எழுந்தது. லேப்டாப்பின் சின்னத் திரையில் விலை வரைபடம், அதன் மேல் ஆர்டர் போடும் விண்டோ, அதற்கும் மேல் கடைத்தெரு மளிகைக்காரருடைய ஜிஎஸ்டி கணக்கு என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவசரத்தில் எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று தெரியாமல் பட்டனைத் தட்டிவிட்டாள். சுதாரித்து விற்பதற்குள் விலை நன்றாக இறங்கிவிட்டது.

ஆலத்தியூர் சிமெண்டு ஆலையிலிருந்து ஷிப்டு முடிந்து வந்த கணவனிடம் அதைச் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்தாள். அருள்முருகன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த ஒரு ஸ்கிரீன்ல எத்தனயத்தான் பாப்ப? எங்க கண்ட்ரோல் ரூம்ல ஒரு சூளைக்கே நாலு ஸ்கிரீன் வெச்சிருக்கான். பெரம்பலூர்ல என் கூட்டாளி கடை இருக்கு. ஞாயித்துக்கிழமை போயி பாப்போம்" என்றான்.

நர்மதா எம்.காம். படித்தவள். அரியலூர்க் கடைத்தெருவில் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில்தான் பங்கு வாங்கி விற்க ஆரம்பித்தாள். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் மதியம் சந்தை முடிகிறவரை அதுதான் வேலை. முதல் வருடம் கையைச் சுட்டுக்கொண்டாள். பிறகு மெல்லப் பிடி கிடைத்தது. நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. எந்த நாளாக இருந்தாலும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து அரிசி களைந்தால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படித் தெரியாமல் இருந்தது தனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பது அப்போது அவளுக்கே தெரியவில்லை.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது இளையபெருமாளின் கம்ப்யூட்டர் கடை. டிரேடிங் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஆறு போட்டுடலாம்மா. மேல மூணு, கீழ மூணு. இப்ப எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"கழுத்து ஒண்ணுதானங்க இருக்கு" என்றாள் நர்மதா.

அவன் சிரித்தபடி வளைந்த மானிட்டர் ஒன்றைக் காட்டினான். பெரியதாக, பளபளவென்று இருந்தது. தெருவில் போகிற ஆட்டோவும் நர்மதாவின் முகமும் அதில் தெரிந்தன. அவள் தன் வரைபடத்தை அதில் திறக்கச் சொன்னாள். கோடுகள் ஓரத்துக்குப் போகப் போக வளைந்தன. இந்தக் கோடு உண்மையிலேயே திரும்புகிறதா, மானிட்டர் திருப்புகிறதா என்று தினமும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்க முடியாது என்று நினைத்தாள். கடைசியில் பளபளப்பு இல்லாத, தட்டையான, ஒரே அளவுள்ள இரண்டு பெரிய மானிட்டர்களை எடுத்தாள். ஆர்டர் விண்டோவுக்கு மட்டும் தனியாக, நெட்டுக்குத்தாகத் திருப்பி வைக்கக்கூடிய சின்னது ஒன்று.

"இத மூணையும் எதுல மாட்டப்போறீங்க?" என்றான் இளையபெருமாள்.

"லேப்டாப்லதான்."

"அதுல ஒரு ஓட்டதாம்மா இருக்கும். ஒரு ஓட்டைல மூணு ஒயர எப்படி சொருகுறது? தனியா சிபியு வேணும். அதுல டிஸ்ப்ளே கார்டு வேணும். கரண்டு போனா தாங்குறதுக்கு நல்ல இன்வெர்ட்டரும் வேணும்."

ஒவ்வொன்றாகப் பில்லில் ஏறியது. அருள்முருகன் தயங்கவே இல்லை. "போடு, போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நர்மதாதான் பில்லின் கூட்டுத்தொகையை எட்டி எட்டிப் பார்த்தாள். இது அத்தனையையும் இனி இந்தத் திரைகளே சம்பாதித்துத் தர வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கடையில்தான் அவளுக்குள் நுழைந்தது. பிறகு அது வெளியே போகவில்லை.

குட்டியானை வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அரியலூருக்குத் திரும்பினார்கள். எதிரே சிமெண்டு லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நர்மதா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் மாமனார் அய்யாக்கண்ணு காத்திருந்தார். உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருந்தவர். மனைவி போன பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். ஹாலில் மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கு. அங்கிருந்து பார்த்தால் நர்மதா வேலை செய்கிற அறையின் வாசல் நேர் எதிரே.

மானிட்டரைச் சுவரில் மாட்டலாம் என்றான் அருள்முருகன். நர்மதா வேண்டாம் என்றுவிட்டாள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கிற வீடு அது. அதனால் மேசை மேலேயே வைப்பதென்று முடிவாயிற்று. பிளக் இருந்தது வாசலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும்தான். மேசை அந்தச் சுவரை ஒட்டிப் போனது. நர்மதா உட்கார்ந்தால் முதுகு வாசலுக்கு, மூன்று திரைகளின் முகமும் ஹாலுக்கு.

அன்று முழுக்க மல்லுக்கட்டினார்கள். மூன்றாவது திரை எரியவே இல்லை. ஒயரை கார்டில் சொருகாமல் வேறு ஓட்டையில் சொருகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்தால் மவுஸ் முறைத்தது. வலது பக்கம் தள்ளினால் அம்புக்குறி இடது பக்கத் திரையில் போய் நின்றது. செட்டிங்கில் போய்த் திரைகளின் படங்களை இடம் மாற்றி வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. எலெக்ட்ரீஷியன் இன்வெர்ட்டரிலிருந்து அறைக்குத் தனி லைன் இழுத்து, ஹால் சுவரில் ஒரு டிரிப்பர் பெட்டி வைத்தார்.

"இது எதுக்குப்பா?" என்று அய்யாக்கண்ணு கேட்டார்.

"எதாச்சும் கோளாறுன்னா இதத் தட்டுங்க ஐயா. அந்த ரூமு மட்டும் ஆஃப் ஆயிடும்."

திரைகள் எரிந்ததும் அருள்முருகன் பெருமையோடு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "பச்சைன்னா ஏறுதுன்னு அர்த்தம்ப்பா. செகப்புன்னா எறங்குது."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் நர்மதாவுக்குக் கண்ணைத் திறந்துவிட்டது போலிருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. எதையும் எதுவும் மறைக்கவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் தாங்கியது. பிறகு முதுகில் ஏதோ ஊர்வது போல இருந்தது. திரும்பினாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

"நடுவுல செகப்பா இருந்துச்சே?"

"அது அப்படித்தான் மாமா, மாறி மாறி வரும்."

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் கறிவேப்பிலைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாத்தே, என்னாடி இது, டிவிக்கடை மாரி இருக்கு? இன்னைக்கு எவ்ளோ வந்துச்சு?" என்றாள். நர்மதா சிரித்து மழுப்பினாள். அருள்முருகன் ஆலையிலிருந்து டீ நேரத்துக்கெல்லாம் போன் செய்தான். முன்பு அப்படிச் செய்ததே இல்லை. "சும்மாதான் கேட்டேன்" என்பான். சும்மா இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

லேப்டாப்பில் ஒரு நாளைக்கு ஓரிரண்டு ஆர்டர்தான் போடுவாள். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால், இவ்வளவு பெரிய திரைகளை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளே என்று பின்னாலிருந்து யாரோ சொல்வது போல இருந்தது. ஆர்டர்கள் கூடின. புதன்கிழமை நாலு போட்டு மூன்றில் நட்டம். எழுந்து ஹாலுக்கு வந்தபோது மாமனார் அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரில் தண்ணீர் நீட்டினார். அவர் பேசாமல் நீட்டிய அந்தத் தண்ணீரைக் குடிப்பதுதான் நட்டத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒரு இரும்புக் கம்பெனியின் பங்கு இறங்கப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. இறங்கும் என்று தோன்றினால் கையில் இல்லாத பங்கையே முதலில் விற்றுவிட்டு, அன்றைக்குள் குறைந்த விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். விலை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு லாபம். அவள் விற்றாள். வழக்கமாகப் போடுவதைப்போல இரண்டு மடங்கு போட்டாள். ஏன் போட்டாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது பில் ஏறிய அந்தக் கடைதான் நினைவுக்கு வந்தது.

அவள் நினைத்தபடியே விலை சரிய ஆரம்பித்தது. இரண்டு பெரிய திரைகளும் மேலிருந்து கீழ்வரை சிவந்தன. ஒவ்வொரு சிவப்பும் அவளுக்கு லாபம். அது ஓரத்தில் இருந்த சின்னத் திரையில் மட்டும் பச்சை எழுத்தில் பொடியாக ஏறிக்கொண்டிருந்தது. ஹாலிலிருந்து அது தெரியாது.

லாபம் ஏற ஏற அவளுக்குப் படபடப்புதான் ஏறியது. எங்கே திரும்பிவிடுமோ, வந்ததெல்லாம் போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலை எதிர்ப்பக்கம் திரும்பினால் தானாகவே வாங்கி முடித்துக்கொள்கிற ஸ்டாப்லாஸ் ஆர்டர் ஒன்று காலையிலேயே போட்டு வைத்திருந்தாள். அது இப்போது வெகு உயரத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கீழே புதிதாகப் போட்டால் வந்த லாபம் பத்திரமாக இருக்கும். பழையதை நீக்கினாள். புதிய விலையை அடிக்க விரலை வைத்தாள்.

மூன்று திரைகளும் ஒன்றாக அணைந்தன.

கரண்டு போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று ஒரு கணம் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. சிபியுவின் இரைச்சல்கூட நின்றிருந்தது. இணையப் பெட்டியின் விளக்கும் இல்லை. திரும்பினாள். ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சுவரோரமாக அய்யாக்கண்ணு டிரிப்பர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"என்ன மாமா பண்ணீங்க?"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

"போதும்மா. வேணாம். நிறுத்திடு" என்றார்.

டிரிப்பரைப் போட்டுக் கம்ப்யூட்டர் உயிர்பெற்று வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகிவிடும். அடுப்படிக்கு ஓடிப் போனை எடுத்தாள். வீட்டுக்குள் சிக்னல் ஒற்றைக் கோடு. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். மொட்டை மாடித் தரை கொதித்தது. செருப்பில்லை. போனில் செயலியைத் திறந்தாள். மறுபடி உள்ளே நுழைய ஆறு எண் கேட்டது. எண் குறுஞ்செய்தியில் வரும் என்றது. வரவில்லை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். ஸ்டாப்லாஸ் காவல் இல்லாமல், வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு பங்கு சந்தையில் திறந்து கிடக்கிறது. விலை இப்போது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. தெரியாமல் நிற்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வாய்விட்டு, "வா, வா, வந்துடு" என்று போனைக் கெஞ்சினாள்.

எண் வந்தது. அவசரத்தில் தப்பாக அடித்தாள். மறுபடி கேட்டு, மறுபடி காத்திருந்து, உள்ளே போனபோது பங்கு திரும்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலையில் சேர்ந்த லாபம் முழுக்கக் கரைந்து, கணக்கு நட்டத்துக்குப் போயிருந்தது. யோசிக்கவில்லை. வாங்கி முடித்தாள். முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபிறகுதான் கால் எரிவது உறைத்தது. கைப்பிடிச் சுவரின் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரிய நட்டம் இல்லை. தாங்கக்கூடியதுதான். ஆனால் அழுகை வந்தது.

கீழே இறங்கும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டுதான் இறங்கினாள். அய்யாக்கண்ணு நாற்காலியில் இல்லை. டிரிப்பர் பெட்டிக்குக் கீழே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நின்னுடுச்சாம்மா?"

அவர் உண்மையிலேயே கேட்கிறார் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. சுவிட்சைத் தட்டினால் மோட்டார் நிற்பது போல நட்டமும் நின்றுவிடும் என்று நம்பியிருக்கிறார்.

"மாமா, நீங்க அணைச்சா அது நிக்காது. அது பம்பாய்ல ஓடிக்கிட்டே இருக்கும். நான் பாக்க முடியாமப் போயிடும், அவ்ளோதான்."

"செகப்பா இருந்துச்சேம்மா. ரெண்டும் முழுக்க செகப்பு."

"இன்னைக்கு செகப்புதான் மாமா எனக்கு லாபம். எறங்கும்னு சொல்லித்தான் போட்டேன். எறங்குச்சு. நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். புரிந்துகொள்ள முயன்றார். பிறகு தலையை அசைத்தார்.

"கலரு என்னமோ போவட்டும். நான் உன்னயத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். காலு வெடவெடன்னு ஆடுது. ஜாக்கெட்டு முதுகு முழுக்க நனஞ்சு கெடக்கு. வரப்புல பாம்பக் கண்டவ மாரி அசையாம ஒக்காந்திருக்க. லாபம் வர்றப்ப யாராச்சும் அப்படி ஒக்காருவாங்களா?"

நர்மதா குனிந்து தன் காலைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். துணி ஈரமாயிற்று. நேற்று நட்டத்தின்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாளா? பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தாலும் வேறாகத் தெரிந்திருக்காது.

"எந்திரிங்க மாமா, தரை சில்லுன்னு இருக்கு" என்று கையைக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

சாயந்திரம் விஷயம் தெரிந்து அருள்முருகன் குதித்தான். "உங்களுக்குத் தெரியாத விஷயத்துல ஏன்ப்பா கைய வெக்கிறீங்க? நாளைக்கே அந்தப் பெட்டிக்குப் பூட்டு போடுறேன்." அய்யாக்கண்ணு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பூட்டெல்லாம் வேணாம்ங்க" என்றாள் நர்மதா. "மேசையத் திருப்பிடலாம். நான் வாசலப் பாத்து ஒக்காந்துக்கிறேன். ஸ்கிரீன் சுவத்தப் பாக்கட்டும்."

"மறுபடியுமா? ஒயரெல்லாம் எட்டாதே."

"நீட்டுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாம். இன்னொண்ணு. ஆலைலேருந்து போன் பண்ணாதீங்க."

"சும்மாதான..."

"சும்மா இல்லீங்க. போன் அடிச்சாலே எனக்குக் கணக்கு தப்பிப்போவுது. எதாச்சும் இருந்தா நானே சாயந்திரம் சொல்றேன். நல்லதோ கெட்டதோ, மறைக்காம சொல்றேன்."

அவன் மேசைக்கு அடியில் நுழைந்து பிளக்குகளைக் கழற்றத் தொடங்கினான். அய்யாக்கண்ணு எழுந்து வந்து மேசையின் மறுமுனையைப் பிடித்தார். மூவருமாகத் தூக்கித் திருப்பினார்கள். இப்போது ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தது. நர்மதா ஒரு பழைய போர்வையை ஜன்னலுக்குத் திரைச்சீலையாகக் கட்டினாள். பெரிய மானிட்டர்களில் ஒன்றைக் காலையில் எரிய விடுவதில்லை என்றும், ஆர்டரைப் பாதியாகக் குறைப்பது என்றும் தனக்குள் முடிவு செய்துகொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சந்தை திறக்கும் நேரத்துக்கு அய்யாக்கண்ணு தன் நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு போய், தெருவைப் பார்த்தபடி வாசலில் போட்டுக்கொண்டார். நர்மதா ஒரே ஒரு ஆர்டர் போட்டாள். படபடப்பு வராமல் இல்லை. வந்தது. இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தாள். ஒருமுறை தானே கண்ணை மூடிக்கொண்டாள். விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் அவள் நினைத்த இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் முடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே வந்தபோது மாமனார் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது மாமா. வாங்க, சாப்புடலாம்."

லாபமா நட்டமா என்று அவர் கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "நாளைக்கும் உண்டா இது?" என்றார்.

"நாளைக்கு சனிக்கெழம மாமா. சந்தை லீவு."

"அப்பாடா" என்றார் அய்யாக்கண்ணு. நர்மதாவும் அதையேதான் நினைத்திருந்தாள். அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.